தறிக்குழியை மூடிவிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்களுடையது மாமனார் காலத்து வீடு. அவர் வெண்பட்டு வேட்டி நெய்த குழித்தறியை (தரைக்குழிக்குள் காலை விட்டு அமர்ந்து நெய்யும் கைத்தறி) பிரித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாசலை ஒட்டிய அந்த அறையில் நான்கடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்க இடமில்லை. இரவில் மாமியாரும் அங்கேதான் படுக்கிறார். குழியை மூடித் தரைக்கல் பதித்துவிடலாமா?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். உங்கள் மாமனார் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை மிதியின் மேல் வைத்து நாள் முழுவதும் வேலை செய்த அதே இடத்தில் உங்கள் பிள்ளைகள் அமர்ந்து படிக்க முடியும். வழக்கமான எழுதுமேசை 75 செ.மீ. உயரமும் நாற்காலி 45 செ.மீ. உயரமும் இருக்கும், இரண்டுக்கும் இடையிலுள்ள 30 செ.மீ. தான் எழுதும் கைக்குத் தேவையான உயரம். ஆகவே குழியின் மேலே நீளவாக்கில் நிற்கும்படி, தரையிலிருந்து ஒரே ஒரு அடி உயரமுள்ள ஐந்தடிப் பலகை மேசை ஒன்றைச் செய்தால், நாற்காலி இல்லாமலே இருவர் அருகருகே அமரலாம். மேசைக்கு அடியில் இழுப்பறை வைக்கச் சொல்லித் தச்சர் வற்புறுத்துவார், தொடை இடிக்கும் என்பதால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பலகை நடுவில் தொய்யாமல் இருக்க, எதிர்ப்பக்க விளிம்பின் அடியில் ஒரு சட்டம் கொடுத்தால் போதும். குழி இரண்டடி ஆழம் என்பதால் கால் அந்தரத்தில் தொங்கும். அடியில் அரையடி உயரத்தில் ஒரு மிதிபலகை போடுங்கள், சின்னவருக்கு இன்னும் சற்று உயர்த்துங்கள்.

படிப்பு முடிந்ததும் மேசையைச் சுவரோரம் நகர்த்திவிட்டுக் குழியை மூடப் பலகை வேண்டும். குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு படி வெட்டி, 19 மி.மீ. ப்ளைவுட் மூன்று துண்டுகளை அடியில் சட்டம் அடித்து அதில் பொருத்தினால், மேற்பரப்பு தரையோடு தரையாக அமையும். தூக்குவதற்கு விரல் நுழையும் துளை ஒன்று போதும். மாமியார் இரவில் எழுந்து நடப்பவர் என்பதை மறந்துவிடக் கூடாது. விளக்கணைக்கும் முன் மூன்று பலகையும் போடப்பட்டிருக்க வேண்டும், அவருடைய கட்டிலும் எதிர்ச்சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு உங்கள் வீட்டில் நடக்காது என்று தோன்றினால், குழியை நிரந்தரமாக மூடுவதே நல்லது.

எதற்கும் முன்னால் ஈரத்தைச் சோதியுங்கள். குழியின் அடியில் இரண்டடிச் சதுரமான பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அங்கே பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். அப்போது மூடத்தான் வேண்டும், ஆனால் முறையாக மூட வேண்டும். உடைந்த செங்கல்லையும் வீட்டுக் குப்பையையும் கொட்டி மேலே சிமென்ட் பூசிய வீடுகளில், அடுத்த மழைக்கே தரை உள்வாங்கிக் கல் டொக்கு டொக்கென்று ஒலிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கிராவல் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, நீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய பிறகே கான்கிரீட் போடச் சொல்லுங்கள். இடிக்கிற வேலையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு உள்ளே போய்விடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சரிவை வெட்டிக் கட்டிய வீடு. மேட்டுப் பக்கத்துச் சுவரில் மழைக்காலம் முழுவதும் ஈரம் கசிகிறது. அங்கு வைத்த பீரோவிலுள்ள பட்டுப் புடவைகளில் பூசணம் பிடிக்கிறது. அந்தச் சுவர் முழுவதும் அலமாரி அடித்து, அறையை விருந்தினர் அறையாக்க நினைக்கிறோம்.
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: அந்தச் சுவரில் அலமாரி அடிக்கவே அடிக்காதீர்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மேகம் வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊரில், ஈரச் சுவரைப் பலகையால் மூடுவது பூசணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். முதலில் வெளியே, சரிவில் இறங்கும் நீர் சுவரைத் தொடும் முன் விலகி ஓடும்படி வாய்க்கால் எடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் பூசியிருந்தால் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுவர் மூச்சுவிடும், ஈரமும் வெளியேறும். அலமாரியை வீட்டின் உட்சுவரில், மூன்று அங்குல இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுத் துளைகளோடு அமையுங்கள். மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பிப் பிரிந்துவிடும். அதற்குப் பதிலாக, காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில், நன்றாகக் காய்ந்த பலகை கிடைக்குமா என்று விசாரியுங்கள். மேட்டுச் சுவரின் பக்கம் கட்டிலைப் போடலாம், ஓரடி தள்ளி. புடவைகளை மட்டும், அலமாரி தயாராகும் வரை, சமையலறையை ஒட்டிய உலர்ந்த அறைக்கு இன்றே மாற்றிவிடுங்கள்.