தைரியமாகப் போய் உட்காருங்கள்

தம்பி, அமெரிக்காவின் கிழக்கு கென்டக்கிக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம், பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வியாழன் மாலையில் ஊர் நூலகத்தில் வயதானவர்கள் வட்டமாக உட்கார்ந்து, மடியில் ஏதோ தந்தி வாத்தியத்தை வைத்து வாசிக்கிறார்கள், உள்ளே போகலாமா, தப்பாக நினைப்பார்களா என்பது உங்கள் கேள்வி.

போகலாம். இந்த வாரமே போங்கள். நான் இதே கென்டக்கியில் பெரியா என்ற ஊருக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. முதல் குளிர்காலத்தில் உங்களைப் போலவே கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளேயிருந்து வந்த ஒலி தம்பூரா போலவே கேட்டது. கால் தானாக உள்ளே போய்விட்டது.

அந்த வாத்தியத்தின் பெயர் டல்சிமர். மலைக்காரப் பெரியவர்கள் சிலர் 'டல்சிமோர்' என்பார்கள். சுத்தியலால் தட்டி வாசிக்கும் டல்சிமர் வேறு. கடையில் வாங்கும்போது குழம்பிவிடாதீர்கள். இது மூன்றடி நீளம், இடை ஒடுங்கிய உடல், பெரும்பாலும் இதய வடிவத் துளைகள். தந்தி மூன்றுதான், சிலதில் மெட்டுத் தந்தி மட்டும் இரட்டையாக இருக்கும். பழைய முறையில், ஒரு சிறு குச்சியை மெட்டுத் தந்தியில் அழுத்தி நகர்த்திப் பாட்டை எடுப்பார்கள். மற்ற இரண்டும் சுருதியாக ஒலித்துக்கொண்டே இருக்கும். மீட்டுவதற்கு வான்கோழி இறகின் தண்டு!

பாட்டுக் காது இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் டி-ஏ-டி என்று சுருதி சேர்த்தால் அது நம் ச-ப-ச. வீணையில் இருப்பதுபோல் எல்லா ஸ்வரத்துக்கும் கட்டை (தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பி) இல்லை, ஏழு ஸ்வரத்துக்குத்தான். திறந்த தந்தியிலிருந்து வரிசையாக ஏறினால் ஹரிகாம்போதி ராகம். டி-ஏ-ஏ என்று மாற்றி மூன்றாவது கட்டையில் ச வைத்தால் சங்கராபரணம். தப்பு ஸ்வரத்துக்கு அங்கே இடமே இல்லை, அதனால் முதல் நாளே ஒரு பாட்டு வாசித்துவிடலாம். கமகத்தை மட்டும் தேடாதீர்கள்; குச்சி வழுக்கும்போது வரும் அந்த இழைவே இதன் அழகு.

பென்சில்வேனியா ஜெர்மானியர்களின் ஷைட்ஹோல்ட் என்ற பெட்டி வாத்தியம் மலைக்கு வந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழி வந்தவர்களின் பாட்டுக்காக இப்படி உருமாறியது. அதுவும் குடியேறிய வாத்தியம்தான் தம்பி. நாட் கவுன்டியில் எட்வர்ட் தாமஸ் என்பவர் 1871இல் இதைச் செய்யத் தொடங்கினார். இன்றைய கென்டக்கி வடிவம் பெரும்பாலும் அவர் கைவழி வந்தது. உலகத்துக்கு இதைக் கொண்டுபோனவர் பாடகி ஜீன் ரிச்சி. வைப்பர் என்ற ஊரில் 1922இல் பிறந்தார், பதினான்கு பிள்ளைகளில் கடைசி. தன் வீட்டுப் பாட்டுகளின் வேர் தேடி 1952இல் கடல் கடந்து பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போனவர். 2015இல் எங்கள் பெரியாவில்தான் காலமானார். வட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும்.

சரி, வட்டத்தின் வழக்கம். யார் முறையோ அவர் பாட்டையும் சுருதியையும் சொல்வார். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். தொடங்கியவர் காலை உயர்த்தினால் அதுதான் கடைசிச் சுற்று. பாடம் என்று தனியாக எதுவும் இருக்காது, கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். முதல் நாள் பின்வரிசையில் உட்கார்ந்து சுருதித் தந்திகளை மட்டும் மீட்டுங்கள், போதும். உங்கள் முறை வரும்போது 'அடுத்தவர்' என்று சொன்னால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். தேவாலயப் பாட்டுகள் நிறைய வரும். நீங்கள் எந்த மதம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அப்புறம், நீங்கள் இருக்கும் மலைப்பகுதியின் பெயரை 'அப்பலாச்சா' என்று சொல்லுங்கள். 'அப்பலேஷியா' என்றால் வெளியூர் என்று தெரிந்துவிடும். கொஞ்சம் மனமும் சுருங்குவார்கள்.

வாத்தியம் உடனே வாங்க வேண்டாம். வட்டத்தில் யாராவது இரவல் தருவார்கள். வாங்கினால் குளிர்காலத்தில் கவனம். ஹீட்டர் காற்றில் மரம் காய்ந்துவிடும். என்னுடைய முதல் டல்சிமரை ஹீட்டர் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். ஜனவரியில் மேல்பலகை நீளவாக்கில் வெடித்துவிட்டது. அன்று அழுதேன். வாத்தியத்தின் உறைப்பெட்டிக்குள் ஈரப்பதம் தரும் சிறு குழாய் ஒன்று வையுங்கள், காரில் விட்டுவிடாதீர்கள்.

ஒருநாள் நாட் கவுன்டியில் இருக்கும் ஹிண்ட்மேனுக்கும் போய் வாருங்கள். 2022 ஜூலை வெள்ளம் அந்த ஊரைப் புரட்டிப்போட்டது. வாத்தியம் செய்யும் பட்டறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அவர்கள் திரும்பவும் மரம் அறுக்கத் தொடங்கினார்கள்.

வியாழன் போகும்போது கையில் ஏதாவது சாப்பிடக் கொண்டுபோங்கள். நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன், இன்னும் கேட்கிறார்கள். சனிக்கிழமை பெரியா பக்கம் வந்தால் சொல்லுங்கள். வெடித்த அந்த டல்சிமரை ஒட்டிச் சரிசெய்து வைத்திருக்கிறேன். உங்களுடையது வரும்வரை அதை வைத்து வாசியுங்கள்.