சர்க்கரையை மறைத்துப் பாலிசி எடுக்கலாமா? மருத்துவக் காப்பீடு: கேள்வி – பதில்

கே: அப்பாவுக்கு வயது 62. ஆறு வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். “படிவத்தில் சர்க்கரை என்று எழுதாதீர்கள், பிரீமியம் ஏறும், ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் யாரும் கேட்க முடியாது” என்கிறார் ஏஜென்ட். உண்மையா? (வாசகர், ஈரோடு)

ப: தயவுசெய்து மறைக்காதீர்கள். ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து.

2024 ஏப்ரல் 1 முதல், காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகள் மாறியிருக்கின்றன. பாலிசி எடுக்கும்போதே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம், அதிகபட்சம் 36 மாதம்தான், முன்பு 48. பாலிசி இடைவெளியின்றி 60 மாதம் ஓடிவிட்டால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக நிறுவனம் கிளெய்மை, அதாவது பணம் கேட்கும் கோரிக்கையை, மறுக்க முடியாது. முன்பு இதற்கு எட்டு வருடம். ஆனால், மோசடி என்று நிரூபித்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே ‘இல்லை’ என்று எழுதியதை மோசடி என்று நிறுவ முயல்வார்கள். தவிர, 62 வயதுக்காரருக்கு அந்த ஐந்து வருடத்துக்குள் மருத்துவமனையில் சேரும் தேவையே வராது என்று யார் சொல்ல முடியும்?

மறைத்தது எப்படி வெளியே வருகிறது தெரியுமா? நெஞ்சு வலி என்று சேர்க்கும் நேரத்தில், “சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?” என்று டியூட்டி டாக்டர் கேட்பார். பதற்றத்தில் யாரோ “பத்து வருஷமா இருக்கு” என்பார்கள். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடிப் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். உள்ளதை எழுதிப் பாலிசி எடுத்தவர்களுக்கும் இதே வரியால் சிக்கல் வருவதுண்டு; ஆறு வருடத்தைப் பத்து என்று சொல்லிவிட்டால் படிவத்தோடு பொருந்தாது. எனவே முதன்முதலில் சர்க்கரை கண்டறிந்த ரிப்போர்ட்டைக் கோப்பில் வையுங்கள். கேட்டால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னால் பிரீமியம் கூடலாம், 20 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும் என்ற ‘கோ-பே’ நிபந்தனையும் வரலாம். புதிதாகச் சேர 65 வயது வரம்பு இப்போது இல்லை என்றாலும், கேட்ட எல்லோருக்கும் பாலிசி தந்தே தீர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஒரு நிறுவனம் மறுத்தால் வேறு இடத்தில் விண்ணப்பியுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் ஏஜென்ட் நிரப்பிய விண்ணப்பப் படிவத்தின் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் உடனே மின்னஞ்சலில் திருத்தம் கேளுங்கள். நிபந்தனை பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். காப்பீடு இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதி திரும்ப வரும்.

கே: என் பாலிசி 5 லட்சம். அறை வாடகை நாளுக்கு 1 சதவீதம் என்று இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருந்தேன். வாடகையில் மட்டும் குறைப்பார்கள் என்று நினைத்தால், 2,42,000 ரூபாய் மொத்தப் பில்லிலும் குறைத்து 1,51,250 மட்டும் தந்திருக்கிறார்கள். சரியா? (வாசகர், நாகர்கோவில்)

ப: குறைத்தது சரி, குறைத்த அளவு தவறாகத் தெரிகிறது. உங்களுக்கு உரிய வாடகை 5 லட்சத்தில் 1 சதவீதம், 5,000. எடுத்தது 8,000. அதாவது எடுத்த வாடகையில் 62.5 சதவீதம்தான் உங்களுக்கு உரியது. பல மருத்துவமனைகளில் அறை உயர்ந்தால் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்சிங் எல்லாமே உயரும். அதனால் அந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைக்கப் பாலிசியில் இடம் உண்டு. ஆனால் மருந்து, உள்ளே பொருத்தும் இம்பிளான்ட், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கன்ஸ்யூமபிள்ஸ், ஸ்கேன்–ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதக் குறைப்பு கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. எந்த அறைக்கும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் இந்தக் குறைப்பே கூடாது.

நீங்கள் அனுப்பிய பில்லையே எடுத்துக்கொள்வோம். நான்கு நாள் வாடகை 32,000. அதில் கிடைக்க வேண்டியது 20,000. அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து, தியேட்டர், நர்சிங் சேர்த்து 1,20,000. கிடைக்க வேண்டியது 75,000. மருந்து, இம்பிளான்ட், பரிசோதனை 90,000. இது முழுதாக வர வேண்டும். ஆக 1,85,000. பில் முழுவதையும் 62.5 சதவீதத்தால் பெருக்கியதால் 33,750 ரூபாய் குறைந்திருக்கிறது. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற ‘தரப்படாத பொருள்கள்’ இருந்தால் அவை மட்டும் தனியே கழியும். இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, குறைப்புக்கான விவரத்தை இனம் இனமாகக் கேட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்த புதுப்பித்தலின்போது அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்கு மாற முடியுமா என்று பாருங்கள். வேறு நிறுவனத்துக்கு மாறுவதென்றால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். முடித்த காத்திருப்புக் காலம் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கூடவே வரும். தொகையைக் கூட்டினால் கூட்டிய பகுதிக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

கே: கேஷ்லெஸ் என்றார்கள். டாக்டர் காலை 9 மணிக்கு டிஸ்சார்ஜ் சொல்லியும் இரவு 8 மணிக்குத்தான் விட்டார்கள். மூன்று மணி நேர விதி என்ன ஆயிற்று? (வாசகி, மதுரை)

ப: ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே 29 சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் (நீங்கள் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் தரும் முறை) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்துக்குள். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் மருத்துவமனையின் கோரிக்கை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த நிமிடத்திலிருந்துதான் இந்த மூன்று மணி நேரம். மீந்த மருந்தைத் திருப்புவது, சம்மரி தட்டச்சு, பில் போடுவது எல்லாம் அதற்கு முன்பு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் அதிகாரம் காப்பீட்டு நிறுவனங்கள்மீதுதான். மருத்துவமனையின் பில் மேசைவரை அது எட்டாது. இந்தச் சீர்திருத்தத்தில் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து.

டிஸ்சார்ஜ் சொன்னதும் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் மேசைக்குப் போய், கோரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டாலும் கிளெய்மே போய்விட்டதாக அர்த்தமில்லை. பணம் கட்டி ரசீதுகளோடு பிறகு கோரலாம்.

கே: முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எங்களுக்குத் தகுதி உண்டா? (வாசகர், தென்காசி)

ப: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குச் செல்லுங்கள். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: மருத்துவமனை பட்டியலில் இருந்தால் போதாது, உங்களுக்குத் தேவையான சிகிச்சைக்கே அது அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சேரும் முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள் என்றார்கள். ஆனால் பிரீமியம் பெரிதாகக் குறையவில்லையே? (வாசகர், கோவை)

ப: தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத வரி இல்லை. 25,000 ரூபாய் பிரீமியத்துக்கு 4,500 மிச்சமாக வேண்டும். அலுவலகக் குழுப் பாலிசிக்கு இந்தச் சலுகை இல்லை. சென்ற ஆண்டு ரசீதில் வரிக்கு முந்தைய தொகையையும் இந்த ஆண்டுத் தொகையையும் ஒப்பிடுங்கள். அடிப்படைப் பிரீமியமே ஏறியிருப்பது தெரியும். வயது அடுத்த படிக்குப் போனாலும் ஏறும். மூத்த குடிமக்களுக்கு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நிறுவனம் முன்கூட்டியே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாக வேண்டும்.

கே: கிளெய்மை மொத்தமாக மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை. (வாசகி, விழுப்புரம்)

ப: வக்கீல் தேவையில்லை. எந்த நிபந்தனையின்கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொண்டதா என்றும் கேளுங்கள். அந்த ஒப்புதல் இல்லாமல் மறுக்கக்கூடாது. அடுத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு, அதாவது ஆம்புட்ஸ்மேனுக்கு, மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அங்கே அனுமதியும் இல்லை. 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். ஓர் ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

பாலிசி, மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், நீங்கள் எழுதிய கடிதம் ஆகியவற்றின் நகல்களைத் தேதி வரிசையில் இணையுங்கள். சிகிச்சை தந்த டாக்டரிடம், நோய் எப்போது கண்டறியப்பட்டது, ஏன் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தது என்று ஒரு கடிதம் வாங்கி வைத்தால் மனுவுக்கு மிகுந்த பலம். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமானால் நிறுவனம் 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். பாதகமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே முதலில் வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவை எடுக்கமாட்டார்.