டு பே சரக்கு

கேள்வி: வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் 17 வருடம் கிளார்க்காக இருந்தேன். அதற்கு முன் ஐஸ் ஃபேக்டரி, சினிமா தியேட்டர் டிக்கெட் கவுண்டர். என்னிடம் ஏராளமான சரக்கு இருக்கிறது. இதையெல்லாம் கதையாக எழுதலாமா?
(ஒரு வாசகர், வியாசர்பாடி)

பதில்: தாராளமாக எழுதுங்கள். தடுக்க நான் யார்? ஆனால் 'சரக்கு' என்று நீங்களே எடுத்துக் கொடுத்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. லாரியில் ஏற்றுவது ஒரு சரக்கு. 'ஆளிடம் சரக்கு இருக்கிறது' என்று இலக்கியக் கூட்டத்தில் சொல்வது இன்னொன்று. கூட்டம் முடிந்தபின் தேடிப் போவது மூன்றாவது. மூன்றாவது உள்ளே போனதும் இரண்டாவதும் தன்னிடம் இருப்பதாகப் பலருக்குத் தோன்றிவிடுகிறது. விடிந்ததும் எனக்கு 40 பக்கக் கதை வந்துவிடுகிறது.

நீங்கள் முதல் வகையில் தேர்ந்தவர். எல்.ஆர். (லாரி ரசீது) போடும்போது 'பெய்டா, டு பேயா' என்று கேட்டிருப்பீர்கள். பெய்டு என்றால் அனுப்புகிறவரே வாடகையைக் கட்டிவிட்டார். டு பே என்றால் எடுக்க வருகிறவர் கட்ட வேண்டும். எனக்கு வரும் அனுபவக் கதைகளில் முக்கால்வாசி டு பே. பட்ட கஷ்டத்தை அப்படியே மூட்டை கட்டி ஏற்றிவிடுகிறார்கள். வாடகை, இறக்குகூலி எல்லாம் படிக்கிறவன் தலையில். 'கொஞ்சம் இழுக்கிறதே' என்றால், 'சார், இது அப்படியே நடந்தது' என்று பதில் வரும். நடந்ததா என்று நான் கேட்கவே இல்லையே! இந்த ஒரு வாக்கியத்தோடு எனக்கு இருபது வருடச் சண்டை. ஒருவர் சாட்சிக்குத் தன் மைத்துனரையே ஆபீசுக்கு அழைத்து வந்துவிட்டார். மைத்துனர் பொறுமையாக முழுக்கப் படித்தார். "நடந்தது இதுதான் சார். ஆனா அப்ப இவ்வளவு போரடிக்கல" என்றார்.

எழுத்தாளர் அசோகமித்திரன் ஜெமினி சினிமா ஸ்டூடியோவில் பார்த்த வேலை என்ன தெரியுமா? நாளெல்லாம் பத்திரிகைகளைக் கிழித்து, வேண்டியதை ஃபைலில் சேர்ப்பது. மற்றவர்கள் கண்ணுக்கு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அதனால் போகிறவர் வருகிறவரெல்லாம் அவர் அறைக்குள் நுழைந்து பேசித் தீர்த்தார்கள். பிற்பாடு அவர் எழுதியபோது ஃபைலா வந்தது? அந்த மனிதர்கள் வந்தார்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். முதல் நாவல் ஒரு புளியமரத்தைப் பற்றி.

ஜெமினி என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்டூடியோ பக்கத்தில் 1973-ல் திறந்த பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். பஸ்ஸில் அப்படிக் கேட்டு டிக்கெட் வாங்கிப் பாருங்கள், 'ஜெமினியா?' என்பார் கண்டக்டர். ஸ்டூடியோ போய்விட்டது, ஸ்டாப்பிங் போகவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் உங்களைப் போல ஆடியவன்தான். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். கேஸ் என்கிற அறைப்பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையால் கோக்கிற காலம். ஸ்டிக், கேலி, ஃபாரம் (அச்சேற்றக் கட்டிவைத்த பக்கங்கள்) என்று தெரிந்த தொழில் சொல்லையெல்லாம் கொட்டி அச்சகத்தைப் பற்றி ஒரு கதை எழுதினேன். நாயகி யாழினி. கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் அண்ணன் பாதியில் எழுந்து வந்தார். "தம்பி, கேஸ்ல 'ழி' தீந்துபோச்சு. எல்லாம் வேற ஃபாரத்துல மாட்டியிருக்கு. இனிமே மாலதின்னு வச்சுக்கலாமா?" தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். இதழ் வந்தபோது மூன்றாம் பக்கம் வரை யாழினி, அப்புறம் மாலதி. புரூஃப் பார்த்தது யார் என்று கேட்காதீர்கள். நாலு வாசகர் கடிதம் வந்தது. நாலுமே, இரண்டு பெண்களுக்கு நடுவே தவிக்கும் நாயகனின் மனப்போராட்டத்தைப் பாராட்டின. அச்சகத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அந்த 'ழி' விவகாரம்தான் கதை. என் கதையில் அது இல்லை. அன்றைக்கு அது எனக்கு அனுபவமாகவே படவில்லை, டீக்கு நேரமாகிற எரிச்சலாகத்தான் பட்டது.

ஆகவே 17 வருடத்தையும் ஏற்ற வேண்டாம். எடுக்க ஆள் வராத மூட்டை ஒன்று உங்கள் கோடவுன் மூலையில் கிடந்திருக்கும். எல்.ஆரில் துணி என்று இருக்கும், வாசனை வேறு எதையோ சொல்லும். அதை என்ன செய்தீர்கள்? யாரிடம் சொல்லாமல் விட்டீர்கள்? அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஐஸ் ஃபேக்டரி எங்கும் போய்விடாது.

கவரில் போதுமான தபால்தலை ஒட்டுங்கள். போன மாதம் ஒரு நண்பர் குறைவாக ஒட்டி அனுப்பியதை, தபால்காரரிடம் இரண்டு மடங்கு கட்டி வாங்கினேன். உள்ளே 42 பக்கம். அப்படியே நடந்ததாம்.