சரியாக எண்ணிவிட்டு ‘இதில்தான் அதிகம்’ என்கிறாளே, ஏன்?

ஆறு ஆறு பொத்தான்களை இரு வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் பரப்பியதும் உங்கள் குழந்தை அதில்தான் அதிகம் என்றதாக எழுதியிருந்தீர்கள். அவள் எண்ணுவதில் கோளாறு இல்லை. ஐந்து வயதுக் குழந்தை இரு வரிசைகளிலும் ஆறு ஆறு பொத்தான்களை எண்ணிவிட்டு, பரப்பி வைத்த வரிசையில்தான் அதிகம் என்பது அந்த வயதுக்கு இயல்பு. வரிசையின் நீளம் கண்ணை இழுக்கிறது. இடைவெளி கூடியதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்ற புரிதல் ஏறக்குறைய ஏழு வயதில்தான் உறுதிப்படும் என்றார் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே.

ஆனால் என் சந்தேகம் நீங்கள் கேட்ட விதத்தின் மேல். பரப்புவதற்கு முன்பும் பின்பும் ‘எதில் அதிகம்?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தவறு போலும் என்று குழந்தை பதிலை மாற்றிவிடும். 1974இல் ரோஸ், பிளாங்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கேள்வியை ஒரே முறை கேட்டுப் பார்த்தார்கள்; சரியான பதில்கள் கூடின. அதே காலகட்டத்தில் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற வேறு இரு ஆய்வாளர்களின் ஆய்வில் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை ‘தற்செயலாக’ வரிசையைக் கலைத்தது. அப்போதும் பல குழந்தைகள் ஏமாறவில்லை. (எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.)

இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஒரு பொம்மை வந்து வரிசையைக் கலைக்கட்டும்.
2. அதற்குப் பிறகு மட்டும், ஒரே முறை கேளுங்கள்.
3. எந்தப் பதில் வந்தாலும் ‘ஏன் அப்படி?’ என்று கேளுங்கள். அந்தக் காரணம்தான் முக்கியம்.

சரியாகச் சொன்னாலும் புரிதல் முழுமையாகிவிட்டது என்று கொள்ள வேண்டாம். பொம்மையின் குறும்பில் மயங்கி, வரிசையைக் கவனிக்காமலே பதில் சொல்லியிருக்கலாம் என்ற மறுப்பும் உண்டு. எட்டு வயது தாண்டியும் சிறு எண்ணிக்கைகளிலேயே தடுமாறினால் குழந்தை உளவியலாளரைப் பாருங்கள்.