கம்ப்யூட்டரின் கருவிகளை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒழுங்காக வேலை செய்தால் போதாதா? அதன் மூல நிரல் யாரும் படித்துத் திருத்தும்படி திறந்திருந்தால் சாதாரணப் பயனருக்கு என்ன லாபம்?

இன்றைக்கு ஓடினால் போதும் என்பவருக்குப் பெரிய லாபம் இல்லை. அதே கருவியைப் பத்து வருடம் வைத்து ஓட்ட நினைப்பவருக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தில் இது பளிச்சென்று தெரியும். அதன் மையப்பகுதியான கெர்னலுக்குள் டிரைவர்கள் கூப்பிடும் ஃபங்ஷன்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அவற்றை மாற்றாமல் வைத்திருப்போம் என்று கெர்னல்காரர்கள் வாக்குக் கொடுப்பதே இல்லை. ஏன் என்று கெர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் குரோவா ஹார்ட்மன் கெர்னல் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். டிரைவரின் நிரல் கெர்னலோடு சேர்ந்தே இருந்தால், ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவரே அதைக் கூப்பிடும் டிரைவர்களையும் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் மூடிய டிரைவரைத் தயாரித்த நிறுவனம்தான் திருத்தியாக வேண்டும்.

நிறுவனம் கைவிட்டால்? கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா, பழைய கார்டுகளை இயக்கிய தன் 340 வரிசை டிரைவருக்கான ஆதரவை 2019 கடைசியோடு நிறுத்திக்கொண்டது. அந்தக் கார்டுகள் எதுவும் பழுதாகிவிடவில்லை. ஆனால் கெர்னல் அப்டேட் ஆகி ரீபூட் செய்தால் கருப்புத் திரை. லாக்கைத் திறந்து பார்த்தால், டிரைவரின் கெர்னல் பகுதியான மாட்யூலை கம்பைல் செய்யும்போது கெர்னலில் இப்போது இல்லாத ஒரு ஃபங்ஷனைத் தேடி நின்றுபோயிருக்கும். யாராவது தன்னார்வலர் நிரலைத் திருத்தி பேட்ச் போட்டுக் கொடுத்தால் உண்டு. அதே காலத்து ஏஎம்டியின் ரேடியான் கார்டுகளுக்கோ கெர்னலிலேயே இன்னும் டிரைவர் இருக்கிறது.

அப்புறம், திறந்த மூலம் என்று சொன்னதுமே திருப்திப்பட்டுவிடக் கூடாது. என்விடியா 2022 மே மாதம் தன் கெர்னல் மாட்யூல்களைத் திறந்தது. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் முன்பு டிரைவரில் இருந்த வேலையில் பெரும்பகுதி இப்போது கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கிறது, அது மூடியது. ஃபர்ம்வேருக்கு எவ்வளவு பலம் என்பதை என்விடியா கார்டுகளுக்கான திறந்த டிரைவரான நூவோவை எழுதியவர்கள் ஏற்கெனவே அனுபவித்தார்கள். 2014 செப்டம்பர் முதல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் வகை கார்டுகள் நிறுவனம் கையெழுத்திட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்றன. அதனால் நூவோவில் அந்தக் கார்டுகள் பூட் ஆகும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே கிடந்தன. எவ்வளவு திறமையான நிரலாளர் உட்கார்ந்தாலும் அந்தப் பூட்டைத் தாண்ட முடியவில்லை.

எல்லாப் பழியையும் தயாரிப்பாளர் மேல் போடவும் முடியாது. ஏஎம்டி தன் திறந்த டிரைவரில் திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ 2.1 தரத்தைக் கொண்டுவர முயன்றபோது, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதி மறுத்துவிட்டதாக 2024-இல் தெரியவந்தது. தர விதிகளே ரகசியமாக இருந்தால் நிறுவனம் நினைத்தாலும் திறக்க முடிவதில்லை.

என்விடியா கார்டில் கணக்கீடுகளை ஓட்ட உதவும் அந்த நிறுவனத்தின் குடா மென்பொருளை நம்பி வேலை செய்பவரிடம் அதை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பிழைப்பு அதில் இருக்கிறது. மற்றவர்கள் புதிதாக வாங்கும் முன் நிறுவாமலே லினக்ஸ் ஓடும் ஒரு லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து பாருங்கள். தனியாக எதையும் டவுன்லோடு செய்யாமலே வைஃபை, ஒலி, கிராஃபிக்ஸ் மூன்றும் ஓடினால் தைரியமாக வாங்கலாம்.