வாசகர் கேள்வி பதில்: ஆப்கானிஸ்தானில் நடுங்கினால் டெல்லியில் ஃபேன் ஏன் ஆடுகிறது?

கேள்வி: ஆப்கானிஸ்தானில் நிலநடுக்கம் வந்தால் எங்கள் எட்டாவது மாடி வீட்டில் ஃபேன் வெகுநேரம் ஆடுகிறது. 2025 பிப்ரவரியில் தௌலா குவான் அருகே வந்ததோ, ஒரே உலுக்கலோடு நின்றுவிட்டது. ஏன் இந்த வித்தியாசம்?
(வாசகி, மயூர் விஹார், டெல்லி)

தூரமும் ஆழமும்தான் காரணம். பூமியின் மேலோடு தட்டுகள் எனப்படும் பெரும் பாறைப் பாளங்களால் ஆனது. அவற்றில் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்ந்து யூரேசியத் தட்டை நெருக்குகிறது. உராய்வால் பாறைகள் பூட்டிக்கொண்டு நிற்க, நெருக்கம் மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. பாறை தாங்காத நாளில் பிளவு நெடுக வழுக்குகிறது. அதுவே நிலநடுக்கம்.

இந்துகுஷ் மலைக்கு அடியில் இது சுமார் 200 கி.மீ. ஆழத்தில் நடக்கிறது. 2015 அக்டோபர் 26-ல் வந்த 7.5 அளவு நடுக்கம் அத்தகையதே. வேகமாகத் துடிக்கும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிட, மெதுவாக ஆடும் நீண்ட அலைகள் மட்டும் ஆயிரம் கி.மீ. தாண்டி டெல்லி வந்து சேரும். கட்டடம் ஒருமுறை ஆடி முடிக்க, மாடிக்கு 0.1 விநாடி என்பது தோராயக் கணக்கு. உயரக் கட்டடம் நீண்ட அலையோடு ஒத்துப்போவதால் மேல்மாடி ஆடுகிறது; தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே போகலாம். போதாததற்கு உங்கள் பகுதி யமுனை வண்டல். மென்மண்ணில் அலையின் வேகம் குறைந்து வீச்சு பெருகும்.

தௌலா குவானில் ஆழம் வெறும் 5 கி.மீ., அளவு 4.0. வேகத் துடிப்பு முழுசாக வந்து அடித்துச் சில விநாடிகளில் ஓய்ந்தது. அதைத் தாங்கியதால் வீடு தேறிவிட்டது என்று தயவுசெய்து நம்பாதீர்கள். அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு.

காருக்காகக் கீழே தூண்களை மட்டும் நிறுத்தி, மேலே செங்கல் சுவர் எழுப்பிய கட்டடங்கள்தான் பெரும் கவலை. மேல்தளங்கள் சுவர்களால் விறைத்து ஒரே கட்டியாக நகரும். வளைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்கள்மீது விழும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் இப்படித்தான் சரிந்தன. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து, தூண்களுக்குக் கூடுதல் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடுவதா, பார்க்கிங்கில் ஷியர் வால் (பக்கவாட்டு உலுக்கலைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) எழுப்புவதா என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவெடுங்கள்.

கேள்வி: இமயமலையில் ஏன் எரிமலை இல்லை?
(மாணவர், முனிர்கா)

ஈரம் ஊறிய கடல்தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்துக்கு அமிழும்போது நீரைக் கக்கும். அந்த நீர் மேலேயுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்க, மாக்மா என்னும் பாறைக்குழம்பு பிறக்கிறது. அந்தமானின் பாரன் தீவு புகைவது இதனால்தான். இமயத்தில் மோதுபவை இரு கண்டங்கள். இலேசான கண்டப் பாறை அப்படி அமிழாது, அதில் நீரும் குறைவு. இமாசலப் பிரதேசத்தின் மணிகரண் வெந்நீர் ஊற்றும் எரிமலையால் வந்ததல்ல; அதில் வருவது, ஆழத்தில் இறங்கிச் சூடேறிய மழைநீரும் பனிநீரும்.

கேள்வி: பெற்றோர் நாகப்பட்டினத்தில் இருக்கிறார்கள். கடலடியில் நிலம் நடுங்கினாலே சுனாமிதானா?
(வாசகர், கரோல் பாக்)

கடல்தரை மேலெழும்பினாலோ தாழ்ந்தாலோதான் பெரிய சுனாமி. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நடுக்கம் வந்தும், தட்டு பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை. 2004-ல் நாகைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. எச்சரிக்கத்தான் அப்போது அமைப்பு இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையம் அந்தப் பணியைச் செய்கிறது. முதல் அலை வடிந்ததும் வீடு திரும்ப வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லிவையுங்கள். அடுத்தது அதைவிடப் பெரிதாக, ஒரு மணி நேரம் கழித்துக்கூட வரலாம்.