அப்பாவுக்கு ஜிபிஎஸ் (கில்லன் பாரே சிண்ட்ரோம் என்ற நரம்பு நோய்) வந்து கை கால் விழுந்துவிட்டது. தேறி வரும் நேரத்தில் அவருக்கு எப்படித் துணையாக இருப்பது?

அப்பா ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார், வென்டிலேட்டரையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் பிசியோதெரபிஸ்ட் வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறார், யாருடனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் இதே கில்லன் பாரே சிண்ட்ரோம்தான் வந்தது. நான் மருத்துவர் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்ததையும், அந்தச் சமயத்தில் தேடித் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே இருக்கும் நரம்புகளைத் தாக்குகிறது, மூளையை அல்ல. விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்கும் மனிதர், கட்டிலைச் சுற்றி நின்று பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். "இனிமே இவர் எப்படி..." என்று யாரோ தொடங்கும் பேச்சும் அவர் காதில் விழுகிறது. அதனால் அவரைப் பற்றி எது பேசினாலும் அவரிடமே பேசுங்கள், அவரால் முடிவெடுக்கக்கூடிய எதையும் அவருக்குப் பதிலாக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது, யார் உள்ளே வரலாம், விளக்கை அணைப்பதா வேண்டாமா, எல்லாம் அவர் சொல்லட்டும். நேற்று வரை குடும்பத்துக்கே முடிவு சொன்னவரிடம் இன்று யாரும் எதையும் கேட்பதில்லை என்றால், அவர் கண்ணை மூடிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அம்மாவுக்குத் தொண்டையில் குழாய் இருந்தபோது ஓர் அட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவோம், சரியான எழுத்து வந்ததும் அவர் கண்ணை மேலே தூக்குவார். ஒரு சொல் முடிய ரொம்ப நேரம் ஆகும். அப்படி அவர் சொன்ன முதல் சொல் "போர்வை". குளிருகிறதா என்றால் இல்லை. விலக்கவா என்றதும் கண் மேலே போனது. போர்வையின் கனமே பாதத்தில் நெருப்பாக எரிந்திருக்கிறது! அசைக்க முடியாத கால் வலிக்காது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள், ஆனால் இந்த நோயில் நரம்பு வலி மிகவும் சாதாரணம், இரவில் அதிகமாகும். அன்றிலிருந்து போர்வை பாதத்தைத் தொடாதபடி கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து அதன் மேல் போட்டோம். அதனால் உங்கள் அப்பா பிசியோதெரபி வேண்டாம் என்பதை உடனே பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலிக்கிறதா, எங்கே, எப்படி என்று கேளுங்கள். நரம்பு வலிக்கென்றே தனி மருந்துகள் இருக்கின்றன, பயிற்சிக்கு முன்னால் வேலை செய்யும்படி அதை எப்போது கொடுக்கலாம் என்று டாக்டரிடம் பேசுங்கள். பயிற்சி காலையிலா மாலையிலா என்பதை அப்பாவிடமே விட்டுவிடுங்கள்.

அப்புறம், எவ்வளவு நாளாகும் என்ற கேள்வி. பொதுவாக நோய் 2 முதல் 4 வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், கொஞ்ச காலம் அப்படியே நின்று, பிறகுதான் இறங்கும். நரம்பின் மேலுறை மட்டும் சேதமானால், வயரின் மேல் பிளாஸ்டிக் உரிந்த மாதிரி, அது சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்ப உருவாகிவிடும். உள்ளே இருக்கும் இழையே அறுந்திருந்தால் அது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும், இடுப்பிலிருந்து பாதத்துக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதம் கடைசியில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் 6 மாதத்தில் துணையின்றி நடக்கிறார்கள், மற்றவர்களில் பலருக்கும் ஓராண்டு தாண்டியும் முன்னேற்றம் வரலாம். இதை அப்பாவிடம் உள்ளபடி சொல்லுங்கள். "அடுத்த வாரம் நடந்துடுவீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த வாரம் வந்து போனால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

இன்னொரு முறை ஐவிஐஜி (ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து) போட்டால் சீக்கிரம் எழுந்துவிடுவாரா என்று பலரும் கேட்கிறார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு இரண்டாவது முறை கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2021இல் வெளிவந்தது, பலன் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. ஸ்டீராய்டு மாத்திரையும் இந்த நோய்க்கு உதவுவதில்லை.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். பெற்ற பிள்ளை கையால் சுத்தம் செய்துகொள்வது பல அப்பாக்களுக்கு நோயைவிடப் பெரிய வேதனை. உங்களுக்குக் கூச்சம் இல்லாமல் இருக்கலாம், அவருக்கு இருக்கும். நீங்களா, வேறு ஆளா, யார் செய்தால் அவருக்குச் சரி என்று தனியாக இருக்கும்போது கேட்டு, அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

மற்றவை சுருக்கமாக: 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, குதிகாலில் புண் வருகிறதா என்று தினமும் பார்ப்பது, பாதம் தொங்கிவிடாமல் ஸ்ப்ளின்ட் (தாங்கு பட்டை) கட்டுவது. தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, வலுவில்லாத தோள் மூட்டு இறங்கிவிடும். உட்கார வைத்ததும் தலை சுற்றினால் பிபி இறங்குகிறது என்று அர்த்தம், மெதுவாக நிமிர்த்துங்கள்.

நடக்க ஆரம்பித்த பிறகும் ஒரு அசதி பாக்கி இருக்கும், வருடக்கணக்கில்கூட. வெளியே பார்த்தால் நன்றாக இருப்பார், மதியத்துக்கு மேல் ஒன்றும் முடியாது. அது சோம்பேறித்தனம் இல்லை, ஓய்வெடுத்து ஓய்வெடுத்துச் செய்தால்தான் மறுநாளும் பயிற்சி செய்ய முடியும். பல வாரங்கள் கழிந்தும் பேசாமலே இருந்தால் மனநல மருத்துவரை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள், இதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

தேறி வந்த பலம் மறுபடி குறைந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று முன்பு எண்ணிய அளவுக்கு எண்ண முடியாமல் போனாலோ (மூச்சின் பலம் குறைவதன் அடையாளம் இது) அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இதில் மட்டும் அவர் "காலையில பார்த்துக்கலாம்" என்றாலும் கேட்காதீர்கள்.